திருட்டைத் தடுக்கும் உரிமை எதுவரை?

2012 மே மாதம் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்கள் இந்தியாவில் பலருக்குத் திறக்கவில்லை. அதற்கான காரணம் சென்னையில் இருந்தது. தனுஷ் நடித்த ‘3’ படத்தையும் ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்தையும் இணையக் களவிலிருந்து காக்க, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியிருந்தார்கள். எந்தப் பக்கத்தை முடக்குவது என்று பார்த்து முடக்காமல், இணைய சேவை நிறுவனங்கள் தளங்களையே மொத்தமாக மூடிவிட்டன. பேஸ்ட்பின் நிரல் எழுதுவோர் தங்கள் நிரல் துண்டுகளைப் பகிரும் இடம். விமியோவில் குறும்படங்களை ஏற்றி வைத்திருந்த இளைஞர்கள் ஏராளம். சினிமாவைக் காப்பதற்காக வந்த உத்தரவு, சினிமா எடுக்கத் துடித்த அந்தப் பிள்ளைகளின் கதவையும் சேர்த்தே அடைத்தது. குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டும் முடக்கினால் போதும் என்று நீதிமன்றம் ஜூன் மாதம் தெளிவுபடுத்திய பிறகே நிலைமை சீரானது.

அன்று எழுந்த கேள்வி இன்றும் தீரவில்லை. உழைப்பைப் பறிகொடுப்பவருக்கு அதைத் தடுக்கும் உரிமை உண்டு. ஆனால் தடுக்கும் கை யார் மேல் விழலாம், எவ்வளவு ஓங்கி விழலாம்?

முதலில் குற்றத்தைக் குற்றம் என்றே சொல்ல வேண்டும். ‘ஹீரோ கோடிக்கணக்கில் வாங்குகிறார், நான் ஓசியில் பார்த்தால் என்ன குறைந்துவிடும்’ என்பது பலரும் சொல்லும் சமாதானம். அந்தக் கணக்கு தவறு. பெரிய நடிகரின் சம்பளம் பெரும்பாலும் படம் வெளியாகும் முன்பே தீர்ந்துவிடும். வெளியான பிறகு இழப்பைச் சுமப்பவர்கள் வட்டிக்குக் கடன் வாங்கிப் படம் எடுத்த தயாரிப்பாளரும், ஏரியா உரிமையை வாங்கிய விநியோகஸ்தரும்தான். ஒரு படம் கையைச் சுட்டால் அதே தயாரிப்பாளரின் அடுத்த படம் தொடங்காது. அந்தப் படத்தில் பேட்டா வாங்கியிருக்க வேண்டிய லைட்மேனும் மேக்கப் உதவியாளரும் வேலை இல்லாமல் நிற்பார்கள். இவர்கள் பெயர் எந்தப் போஸ்டரிலும் வராது என்பதால்தான் பார்வையாளரின் மனசாட்சி இவ்வளவு எளிதாகச் சமாதானம் அடைகிறது.

பார்வையாளர் பக்கத்திலும் நியாயமான முறையீடுகள் உண்டு. தியேட்டர் மூடிக் கிடக்கும் ஊர்கள் இருக்கின்றன. தமிழ்ப் படம் திரையிடப்படாத நகரங்களில் வேலை செய்யும் தமிழர்கள் இருக்கிறார்கள். எந்த ஓடிடியிலும் கிடைக்காத, டிவிடியாகவும் வராத பழைய படங்கள் எத்தனையோ. சட்டப்படி வாங்க வழியே இல்லாத ஒன்றைத் தேடிப் பார்ப்பவரையும், பக்கத்துத் தியேட்டரில் ஓடும் படத்தை முதல் நாளே செல்போனில் இறக்கிப் பார்ப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நேர்மையல்ல.

பார்ப்பவருக்கும் பரப்புபவருக்கும் உள்ள வேறுபாட்டையாவது சட்டம் உணர்ந்திருக்கிறது. 2016இல் ‘டிஷ்யூம்’ இந்திப் படம் தொடர்பான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் முடக்கப்பட்ட பக்கங்களில் எச்சரிக்கை வாசகம் காட்டச் சொன்னார். அந்தத் தளத்தைப் பார்த்தாலே மூன்றாண்டுச் சிறை என்று செய்தி பரவி மக்கள் பதறினார்கள். பார்ப்பது குற்றமல்ல, அனுமதியின்றி விநியோகிப்பதும் பொதுவில் திரையிடுவதும் விற்பதும் வாடகைக்கு விடுவதுமே குற்றம் என்று நீதிபதி விளக்கினார். முடக்கக் கோரும் பட்டியலைப் பல கட்டமாகச் சரிபார்த்து, பிரமாணப் பத்திரத்தோடு தர வேண்டும் என்றும் அவர் எதிர்பார்த்தார்.

தமிழ்நாட்டில் நடந்தவை வேறு திசையில் சென்றன. 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் திருட்டு விசிடிக்காரர்களும் கொண்டுவரப்பட்டார்கள். கள்ளச் சாராயம் காய்ச்சுபவரையும் போதைப்பொருள் கடத்துபவரையும் அடைக்கும் அதே சட்டத்தில், விசாரணை முடியாமலே ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்கலாம். பிளாட்பாரத்தில் டிஸ்க் விற்றவர் செய்தது தவறுதான். நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபித்து அதற்கான தண்டனையை வாங்கித் தர வேண்டிய இடத்தில், நிரூபிக்கும் கடமையையே தள்ளி வைப்பது அந்தத் தவறுக்குப் பொருந்தாத பலப்பிரயோகம். இவ்வளவு கடுமைக்குப் பிறகும் களவு நிற்கவில்லை. டிஸ்க்கிலிருந்து இணையத்துக்கு இடம் மாறியது.

2018 நவம்பரில் ‘2.0’ படம் வெளிவருவதற்கு முன், 12,000க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கும்படி 37 இணைய சேவை நிறுவனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றில் களவுத் தளமான தமிழ் ராக்கர்ஸ் பெயரில் இயங்கியவை மட்டும் 2,000க்கு மேல். அத்தனை முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தீர்மானிப்பது எந்த நீதிபதிக்கும் இயலாத காரியம். படம் வெளியான அன்றே களவுப் பிரதியும் இணையத்துக்கு வந்துவிட்டது.

ஒரு முகவரியை மூடினால் எழுத்தை மாற்றி இன்னொன்று முளைக்கும் இந்த விளையாட்டுக்குப் பதிலாக, 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு புது முறையை வகுத்தது. யூடிவி நிறுவனம் தொடுத்த வழக்கில் நீதிபதி மன்மோகன் அளித்த தீர்ப்புப்படி, களவையே தொழிலாகக் கொண்ட தளம் என்று ஒருமுறை உறுதியானால், அதன் மறுவடிவங்களைச் சேர்க்க ஒவ்வொரு முறையும் புது வழக்கு போட வேண்டியதில்லை. ஒரு தளம் அத்தகையதுதானா என்று கண்டறிய அளவுகோல்களையும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2023இல் அதே நீதிமன்றம், இனிமேல் உருவாகப்போகும் படைப்புகளுக்கும் இந்தப் பாதுகாப்பை நீட்டித்தது. அளவுகோல் இருக்கும்வரை இது ஏற்கத்தக்க வழி. தவறாகப் பட்டியலில் சேர்ந்துவிட்ட ஒருவர் எங்கே போய் முறையிடுவது என்பதும் அதே தெளிவோடு சொல்லப்பட வேண்டும்.

களவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் இந்த வழக்குகளின் பெரிய குறை புலப்படும். 2013இல் ‘அத்தாரிண்டிகி தாரேதி’ தெலுங்குப் படத்தின் முதல் பாதி, படம் வெளியாகும் முன்பே இணையத்தில் வந்தது. 2015இல் மலையாள ‘பிரேமம்’ கசிந்தபோது அந்தப் பிரதியில் தணிக்கைக்கு அனுப்பிய படத்தின் முத்திரை இருந்தது. அடுத்த ஆண்டு இந்தி ‘உட்தா பஞ்சாப்’ கசிந்தபோதும் அதே கதை. இவை முகம் தெரியாத அந்நியர் செய்தவை அல்ல. படம் கைமாறும் வழியில், உள்ளே இருந்த யாரோ செய்தவை. தியேட்டரில் எடுக்கும் பிரதியிலும் எந்தத் திரையில், எந்த நேரத்தில் ஓடியது என்று காட்டும் மறைகுறி பதிந்திருக்கும். அதைக் கொண்டு தியேட்டரைக் கண்டுபிடிக்கலாம். தமிழ்நாட்டில் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். குற்றவாளியிடம் நேராகக் கொண்டுபோகும் தடயம் கையில் இருக்கும்போது, முகவரி முடக்குவதையே முதல் ஆயுதமாக எடுப்பது தன் வீட்டாரைக் கேள்வி கேட்கத் தயங்குவதாகவே படுகிறது.

2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பவருக்கும் பரப்புபவருக்கும் மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அபராதம், கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். 100 கோடியில் எடுத்த படமென்றால் 5 கோடி. இந்தத் தொகை யாரிடம் கேட்கப்படும் என்பதில்தான் நீதி இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்காகத் தியேட்டர் நாற்காலியில் செல்போனைப் பொருத்திவைப்பவர் ஒரு முனை. சூதாட்டச் செயலிகளின் விளம்பரப் பணத்தில் தளம் நடத்துபவர் மறுமுனை. முதலாமவரைப் பிடித்தாயிற்று என்று செய்தியாளர்களைக் கூட்டுவது எளிது. இரண்டாமவரின் வங்கிக் கணக்கு வரை போகும் விசாரணைக்குத்தான் அந்த அபராதத் தொகை பொருந்தும்.

சினிமா உலகுக்கும் ஒரு கடமை இருக்கிறது. படம் பார்க்க நியாயமான வழியைத் திறந்தவர்களை அது சும்மா விட்டதில்லை. 2013இல் கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தை முதலில் டிடிஎச் வழியே வீடுகளுக்குத் தர முயன்றபோது தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள். 2015இல் சேரன் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை டிவிடியாக நேரே வீட்டுக்குக் கொண்டுசென்றார். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 2020இல் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக ஓடிடிக்குப் போனபோதும் மிரட்டல் எழுந்தது. வழி திறந்தால் களவு ஒழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஓடிடியில் வந்த சில மணி நேரத்தில் தெளிவான பிரதியும் களவுத் தளத்துக்குப் போய்விடுகிறது. ஆனாலும் காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு வழியே வைக்காத தொழில், அவரைத் திருடன் என்று அழைக்கும் தகுதியில் ஒரு பங்கை இழக்கிறது.

இந்தப் போரில் அதிகம் கைவிடப்பட்டவர் சிறு தயாரிப்பாளர். மூத்த வழக்கறிஞரை வைத்துப் பல்லாயிரம் தளங்களுக்குத் தடை வாங்கும் வசதி பெரிய படங்களுக்கே உண்டு. முதல் வாரத்து வாய்மொழிப் பேச்சை நம்பி இறங்கும் இரண்டு கோடி ரூபாய்ப் படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2023 நவம்பரில் மத்திய அரசு, தணிக்கை வாரியத்திலும் பத்திரிகைத் தகவல் அலுவலகத்திலுமாக 12 பொறுப்பு அதிகாரிகளை நியமித்தது. அவர்கள் உத்தரவிட்டால் 48 மணி நேரத்துக்குள் களவுப் பிரதி நீக்கப்பட வேண்டும். நீதிமன்றப் படியேற முடியாதவருக்கு இது பயன்பட வேண்டுமானால், தயாரிப்பாளர் சங்கமே சிறு படங்களின் புகாரை எழுதிக் கொடுத்து முன்னின்று நடத்த வேண்டும். முடக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலை அரசு பொதுவில் வெளியிட வேண்டும். தவறாக முடக்கப்பட்டவரின் முறையீட்டுக்கும் அதே 48 மணி நேரக் கெடு வேண்டும்.