உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றால்?

 

மஹல்லாவில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் ஜனாஸா தொழுகை யார்மீது கடமை? ஊரார் எல்லோர் மீதும். சிலர் தொழுதுவிட்டால் மற்றவர்களை விட்டுக் கடமை நீங்கிவிடும். ஒருவருமே தொழவில்லை என்றால் அத்தனை பேரும் குற்றவாளிகள். இதுதான் ஃபர்ளு கிஃபாயா. மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆனால் ஃபுகஹாக்கள் இதோடு இன்னொன்றும் சொல்வார்கள். செய்யக்கூடியவர் ஒரே ஒருவர்தான் என்ற நிலை வந்துவிட்டால் அதே கடமை அவர்மீது ஃபர்ளு ஐனாகிவிடும். குளத்தில் ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார். கரையில் நூறு பேர் நிற்கிறார்கள். நீச்சல் தெரிந்தவர் நீங்கள் மட்டும்தான். நூறு பேருக்கும் இருந்த பொறுப்பு இப்போது உங்கள் ஒருவர் தலையில்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் காலத்தில் அப்படியொரு குளம் இருக்கிறது. நீச்சல் தெரிந்தவர் யார் என்பது அவருக்கே தெரியாது.

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில் சிலருக்கு மிஞ்சும் வழி, இன்னொருவரின் ரத்த ஸ்டெம் செல்களைப் பெறுவதுதான். இதற்கு ரத்த வகை ஒத்துப்போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவசியமே இல்லை. ஒத்துப்போக வேண்டியது ஹெச்.எல்.ஏ. எனும் திசு அடையாளம். நம் உயிரணுக்களின் மேல் இருக்கும் அடையாளச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எது நம்முடையது, எது அந்நியம் என்பதை உடலின் காவல்படை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அதற்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்த ஒருவரோடு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். பெற்ற தாயோடு பொதுவாகப் பாதிதான் பொருந்தும். பாதிப் பொருத்தத்திலேயே செய்யும் முறையும் இப்போது வந்திருக்கிறது. எல்லா நோயாளிக்கும் அது ஏற்றதாக அமைவதில்லை.

வீட்டில் கிடைக்காவிட்டால் முன்பின் தெரியாத ஒருவரைத் தேட வேண்டும். உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கேட்கப் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் இந்தப் பொருத்தம் வம்சாவளியைத் தொடர்ந்து வருவது. அமெரிக்கப் பதிவேட்டின் கணக்கில் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79 சதவீதம், ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளியினருக்கு 47, கறுப்பினத்தவருக்கு 29. எந்த மக்கள் பெயர் கொடுக்கவில்லையோ அந்த மக்களின் பிள்ளைகள்தாம் தேடலில் வெறுங்கையோடு நிற்கிறார்கள். சென்னையில் 2009-இல் தாத்ரி என்ற பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் நம் மஹல்லாவின் பெயர்கள் எத்தனை என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

வம்சாவளி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் இந்த மண்ணில் பிறந்தவர்கள். உங்கள் பிள்ளைக்குப் பொருந்துபவர் கோயில் தெருவில் இருக்கலாம். சர்ச் தெருப் பிள்ளைக்குப் பொருந்துபவர் இன்று முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கலாம். மனிதர்கள் ஏன் பல சமூகங்களாகப் படைக்கப்பட்டார்கள் என்று சூரா அல்ஹுஜுராத் சொல்வதை, ஆய்வுக்கூடத்து முடிவுத்தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓதிப் பாருங்கள்.

மார்க்கத்தில் இது கூடுமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ரத்தம் போல உடலில் தானாகவே திரும்ப உருவாகிவிடும் ஒன்றை நிபந்தனைகளோடு கொடுக்கலாம் என்று 1988-இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ‘பால்குடி உறவு போல மஹ்ரம் ஆகிவிடுமா?’ என்றும் சிலர் கேட்கிறார்கள். பால்குடி உறவு பாலால் மட்டுமே ஏற்படும்.

இனிதான் கடினமான கேள்வி. பெயர் கொடுப்பது எளிது. கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், அவ்வளவுதான். அழைப்பு வராமலேயே பலருக்குக் காலம் முடிந்துவிடும். ஆனால் ஒருநாள் தொலைபேசி வந்து, ‘உங்களோடு ஒருவருக்குப் பொருந்துகிறது’ என்று சொன்னால்? அந்த நொடியில்தான் கிஃபாயாவாக இருந்தது ஐனின் பக்கம் சாய்கிறது. நான் ஃபத்வா கொடுக்கவில்லை. மனசாட்சிக்கு முன்னால் அதன் எடை மாறிவிடுகிறது என்கிறேன்.

‘என் உடலும் அமானிதம்தானே?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலும் நடப்பது இதுதான்: நான்கைந்து நாள் ஊசி, எலும்பு வலி, தலைவலி, பிறகு ரத்தம் எடுத்துப் பிரிக்கும் இயந்திரத்தின் அருகே சில மணி நேரம். கொடுத்த செல்கள் சில வாரங்களில் மீண்டும் உருவாகிவிடும். சிலரிடம் மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். மருத்துவர்கள் முதலில் உங்களைத்தான் பரிசோதிப்பார்கள். உங்களுக்கு ஆகாது என்றால் அவர்களே நிறுத்திவிடுவார்கள். அதில் உங்கள்மீது எந்தக் குறையும் இல்லை.

குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. செல்களை ஏற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன் கடுமையான மருந்துகளால் நோயாளியின் எலும்பு மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதன்பின் அவரால் சொந்தமாக ரத்தம் உண்டாக்க முடியாது. அந்த நேரத்தில் ‘வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்’ என்று ஒருவர் பின்வாங்கினால், பாதிக் குளம் வரை இழுத்து வந்து கையை விட்டதாகும். சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. அல்லாஹ்விடம் அது வாக்கு மீறிய கணக்கில் வருமா என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும். ஆகவே மனைவியிடம், பெற்றோரிடம் மஷூரா செய்ய வேண்டிய நேரம் பெயர் கொடுப்பதற்கு முந்தைய நாள். கல்யாணம் ஆகாத பெண்பிள்ளை என்பதற்காகவே தடுக்கும் வீடுகளும் உண்டு. அந்த அச்சத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. இருந்தாலும் அதை அன்றைக்கே பேசித் தீர்த்துவிடுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் பெயர் கொடுக்காதீர்கள். அது நேர்மை.

லண்டனில் 1974-இல் ஷெர்லி நோலன் என்ற தாய் தன் மகன் ஆண்டனிக்காக உலகின் முதல் பதிவேட்டைத் தொடங்கினார். மகனுக்குப் பொருத்தம் கிடைக்கவே இல்லை. 1979-இல் அவன் இறந்துபோனான். பதிவேட்டை அந்தத் தாய் மூடவில்லை. இன்றும் அது மற்றவர்களின் பிள்ளைகளுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறது.

உங்களில் யாரேனும் கல்லூரி முகாமில் எப்போதோ பெயர் கொடுத்துவிட்டு, அதன்பின் தொலைபேசி எண்ணை மாற்றியிருக்கலாம். வீடு திரும்பியதும் புதிய எண்ணை அந்தப் பதிவேட்டுக்குத் தெரிவித்துவிடுங்கள்.