கண்டிராத காட்டுப்பசு

பொம்மைக்கு எச்சில் வடியாது. அதனால் வகுப்பு தொடங்குமுன் பஞ்சைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து அதன் உதட்டோரம் வைப்பேன். பிறகு மடியில் உட்காரவைத்துக்கொண்டு தாயாகிவிடுவேன். "காலையிலேருந்து காய்ச்சல் டாக்டர். தண்ணிகூட முழுங்க மாட்டேங்கறான். படுக்கவெச்சா திணறுறான்."

எதிரே நிற்கும் ஹவுஸ் சர்ஜன்களில் பாதிப்பேரின் கை டார்ச்சையும் நாக்கை அழுத்தும் குச்சியையும் தேடும். அங்கேயே நிறுத்துவேன்.

1994-இல் என் கையும் அதைத்தான் தேடியது. நான்கு வயதுப் பையன். கைகளை ஊன்றி, முன்னால் சாய்ந்து, மோவாயை நீட்டி உட்கார்ந்திருந்தான். வார்டு சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாதீங்க டாக்டர். அம்மா மடியிலயே இருக்கட்டும். மயக்க டாக்டரைக் கூப்பிடுங்க." குரல்வளை மூடி வீங்கியிருக்கும்போது நாக்கை அழுத்தினாலோ மல்லாக்கப் படுக்கவைத்தாலோ மூச்சே அடைத்துவிடலாம். தியேட்டரில் குழாய் போட்டார்கள், பிழைத்தான். சிஸ்டரும் அதற்குமுன் அப்படியொரு குழந்தையைப் பார்த்ததில்லையாம். படிக்கும்போது ஆசிரியை உட்கார்ந்து காட்டியிருக்கிறார், அதேபோல மோவாயை நீட்டி.

காணாததை அறிய முடியுமா? நியாய தரிசனம் உவமானத்தை அறிவதற்கான ஒரு தனி அளவையாகவே வைக்கிறது. 'கவயம் நம் பசுவைப் போல இருக்கும்' என்று காடறிந்தவன் சொல்லக் கேட்டவன், பின்னொரு நாள் காட்டில் அது எதிர்ப்பட்டதும் 'இதுதான் கவயம்' என்று தெளிகிறான். மணிமேகலையின் அளவைவாதியும் உவமைக்கு இதே கவயத்தைத்தான் சொல்கிறான். சைவ சித்தாந்தமோ காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடும். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஆனாலும் இந்த இடத்தில் மனம் ஒப்பவில்லை. உரை எனக்கும் கிடைத்திருந்தது. புத்தகத்தில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன். என் கை நிற்கவில்லையே. ஆசிரியையின் முதுகு வளைந்த வளைவைப் பார்த்தவருடைய கைதான் நீண்டு வந்து தடுத்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கவயம் எதிரே வரும்வரை அந்த அறிவு நிறைவதில்லை. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பென்டாவேலன்ட் தடுப்பூசி வந்தது. இந்த வீக்கத்துக்கு முக்கியக் காரணமான ஹிப் கிருமியையும் அது தடுக்கிறது. இந்த இளம் டாக்டர்கள் அப்படியொரு குழந்தையைப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். அப்படியே ஆகட்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். நிறைவடையவே கூடாது என்று நானே வேண்டும் ஒன்றை, இவ்வளவு பாடுபட்டு ஏன் கொடுக்கிறேன்? அறிவு அறிந்தவனுக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். இது அப்படியில்லை. எந்த ஊரிலோ இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையின் பொருள். அது வரும்வரை இவர்களிடம் இருக்கிறது, வராவிட்டாலும் இருக்கிறது.

போன வாரம் ஒரு பெண் டார்ச்சை எடுத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. பொம்மையின் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தவள், டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "நீங்களே பிடிச்சுக்கோங்கம்மா. அவனை அசைக்க வேணாம்." கஞ்சித் தண்ணீர் என் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது.