எந்த ஊர் நம்மைக் காக்கும்?

2022 ஜூன் மாதத்தின் கடைசி நாட்கள். எரிபொருள் இனி அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே என்று அரசாங்கம் அறிவித்திருந்த வாரம். கொட்டாஞ்சேனையிலிருந்து பாதித் தூரம் நடந்தும் மீதித் தூரம் பஸ்ஸில் தொங்கியும் வெள்ளவத்தை போய்ச் சேர்ந்தேன். அங்கு மாடிவீடொன்றில் நான்காம் தட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என் நீண்டகால நண்பர். யாழ்ப்பாணத்தவர். மாஸ்டர் என்றே அழைப்பேன். அவர் முன்னால் ஒரு சி.ஆர். கொப்பி விரிந்து கிடந்தது. பக்கத்துக்கொரு மாவட்டம். ஒவ்வொன்றின் கீழும் நான்கு தலைப்புகள்: தண்ணீர், மண், ஆஸ்பத்திரி, அனர்த்தம்.

"கொழும்பு இனிச் சரிவராது. ஒரு ஏக்கர் காணி, ஒரு கிணறு, பத்துத் தென்னை, ரெண்டு மாடு போதும். ஆரையும் எதிர்பார்க்காமல் சீவிக்கலாம். எந்த மாவட்டம் நல்லது? நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வியல்ல அது. நான்காம் தட்டுக்குத் தண்ணீர் ஏற மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். அந்த மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலங்களைத் தொட்டிருந்தது. சமைக்க எரிவாயு இல்லை. விறகு மூட்ட முற்றமில்லை. குடும்பத்தைக் காக்க வழி தேடுவது கடமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவன்மீது பொறுப்பைச் சாட்ட வேண்டும் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். ஆகவே இருவருமாகக் கொப்பியை நிரப்பத் தொடங்கினோம்.

முதலில் அம்பாறை. என் உம்மாவின் ஊர் அம்மாவட்டத்துக் கரையோரத்தில்தான் இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், சேனாநாயக்க சமுத்திரம், பெரும்போகம், சிறுபோகம் என்று நெல்லுக்குக் குறைவில்லாத பூமி. ஆனால் 2004 டிசம்பர் 26இல் இந்நாட்டில் மிக அதிகமான உயிர்களைக் கடல் கொண்டுபோனதும் அதே மாவட்டத்தில்தான்; பத்தாயிரத்துக்கும் மேல். மேற்கே வயல் அப்படியே கிடந்தது. அந்தச் சோற்றை உண்ண வேண்டியவர்கள் இல்லாமற் போனார்கள்.

அடுத்து அனுராதபுரம். கடல் எட்டாத குளத்து நாடு. ஆனால் பதவிய, மதவாச்சிப் பக்கத்து விவசாயிகளைத் தொண்ணூறுகளிலிருந்து காரணம் திட்டமாகத் தெரியாத சிறுநீரக நோய் தின்றுவருகிறது. குடிநீர்மீதுதான் பலருடைய சந்தேகமும். தண்ணீர் என்ற தலைப்பின் கீழ் எத்தனை குளம் என்று எழுதினோமேயன்றி என்ன தண்ணீர் என்று எழுதவில்லை.

புத்தளத்தின் கற்பிட்டி மணலில் சில அடி தோண்டினாலே நன்னீர். ஆண்டு முழுக்க மரக்கறி. ஆனால் அதே மணல் வழியாகத்தான் பசளையும் கீழிறங்கி, கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலக்கிறது. எஞ்சியது கண்டி. மழை, ஊற்று, பலா, ஈரப்பலா. கடல் இல்லை, வரட்சி இல்லை. அனர்த்தம் என்ற தலைப்பின் கீழ் மாஸ்டர் ஒரு சிறு கோடு மட்டும் இழுத்தார். மூன்று வருடங்களின் பின், 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைச்சரிவுகள் கிராமங்களை மூடின. உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் கண்டிதான்.

இடத்தை மாற்றினால் ஆபத்தின் பெயர் மாறுகிறது. ஆபத்து நம்மோடு கூடவே வருகிறது. தன்னிறைவு என்ற எண்ணத்துக்கும் இதே கதிதான். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது கிராமம் என்னவாயிற்று? சில மாதங்களில் தடை தளர்த்தப்பட்டும் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. நகரத்தான் கனவு காணும் அந்தச் சுதந்திரமான கமக்காரன், யூரியாவுக்கும் டீசலுக்கும் துறைமுகத்தைப் பார்த்தே நின்றான். நாம் அவனைப் பார்க்கிறோம். அவன் கொழும்பைப் பார்க்கிறான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கொப்பியில் ஐந்தாவது தலைப்பொன்று இல்லை என்பது எனக்கு உறைத்தது. அயலவர்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களிடம் கிணறில்லையா, காணியில்லையா, தோணியில்லையா? எல்லாம் இருந்தன. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்கு இரண்டு மணித்தியாலம் தவணை கொடுத்தபோது அவற்றில் எதுவும் காக்கவில்லை. வடக்கெங்கும் சுமார் 75,000 பேர். அவர்களிற் பெரும்பாலோரைத் தாங்கியது புத்தளம். அங்கிருந்தவர்களும் வசதி படைத்தவர்களல்லர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். பிற்காலத்தில் தண்ணீருக்கும் வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் மனக்கசப்புகள் எழுந்தன என்பதும் உண்மை. ஆயினும் முதல் இரவில் கதவு திறந்தது. அந்தக் கதவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

இதைச் சொன்னபோது மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "2007இல எங்களையும் ஊருக்குப் போ எண்டுதானே பஸ்ஸில ஏத்தினவை" என்றார். அந்த ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எங்கள் இருவருடைய தெருக்களிலும் ஊருக்குப் போவது என்பது வெறும் விவசாயக் கனவல்ல.

அப்படியானால் ஆயத்தம் செய்வதே வீணா? அல்ல. யூசுப் நபியின் வரலாற்றில் ஏழு வருட விளைச்சல் சேமிக்கப்படுகிறது. யாருக்காக என்பதே கேள்வி. பஞ்சம் வந்தபோது அந்தக் களஞ்சியத்தின் முன்னால் அயல் நாட்டவர்களும் நின்றார்கள். அவரைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களும் நின்றார்கள். அவர்களுக்கும் தானியம் அளந்து கொடுக்கப்பட்டது. தட்டுப்பாட்டில் விலையேற்றத்துக்காகப் பதுக்குபவனும் மூட்டைதான் அடுக்குகிறான். மூட்டையைப் பார்த்து இருவரையும் வேறுபடுத்த இயலாது. கதவு தட்டப்படும்போதுதான் தெரியும்.

"ஆரையும் எதிர்பார்க்காமல்" என்ற மாஸ்டரின் வார்த்தை மதிப்புக்குரியது. பிறர் கையை ஏந்தாத ரோஷம் அது. ஆனால் அதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: என்னையும் ஒருவரும் எதிர்பார்க்க வேண்டாம் என்பது. முதலாவது தன்மானம். இரண்டாவது கைவிடல். ஒரு ஏக்கருக்கு வேலி போடும்போது இவற்றில் எதற்காகப் போடுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று பிள்ளைகளின் தகப்பன் முதலில் தன் பிள்ளைகளுக்கு வழி பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அதோடு முடித்துக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

மாஸ்டர் காணி வாங்கவில்லை. பணம் போதவில்லை என்பதே முதற் காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. கொப்பியின் பின்பக்கத்தில் வேறொரு பட்டியல் எழுதினார். அவருடைய மாடிவீட்டில் இன்சுலின் பாவிப்பவர் யார், தனியாக இருக்கும் முதியவர் யார், மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருப்பவர் யார். அந்த ஜூலையில் கீழ்த்தட்டு வாகனத் தரிப்பிடத்தில் மூன்று கல் வைத்து ஆறு வீட்டாருக்கு ஒரே பானையில் சமைத்தார்கள்.

2025 நவம்பரில் களனி கங்கை பெருகிய இரவு அவர் தொலைபேசியில் அழைத்தார். மாவட்டங்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "உங்கட ஒழுங்கைக்குத் தண்ணி வந்திட்டுதோ? வந்தால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு இஞ்ச வாங்கோ. நாலாம் தட்டுத்தானே" என்றார்.