வந்தியின் கூலியாள்

ஞாயிறு விடிய நாலரைக்கு எழும்பி மா குழைத்தால்தான், எட்டு மணிக்கு அறநெறிப் பாடசாலை தொடங்கும்போது பணிஸ் சூடாக இருக்கும். ஒன்றரைக் கிலோ கோதுமை மா, 150 கிராம் சீனி, 150 கிராம் மாஜரின், 800 மில்லிலீற்றர் அளவில் தண்ணீர், உப்பு, ஈஸ்ட். அறுபது கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் 43 வரும். கட்டைபறிச்சானிலிருந்தும் சேனையூரிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு அது கணக்காக இருக்கும். ஏழு வருஷமாக இதைச் செய்கிறேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை.

போன வருஷம் வலது மணிக்கட்டு மரக்கத் தொடங்கியது. இரவில் விரல்கள் எரியும். நரம்பு அழுத்தம் என்றார் வைத்தியர், மா குழைப்பதை நிறுத்தச் சொன்னார். லண்டனில் இருக்கும் மகளுக்கு இது தெரிந்த அன்றே தொலைபேசி வந்தது.

“அம்மா, மா குழைக்கிற மெஷின் ஒண்டு அனுப்புறன். கையை இப்பிடி வருத்தாதீங்க.”

“யோசிச்சுச் சொல்றன் மகள்” என்றேன். யோசிக்க நாலு மாதம் எடுத்தது.

நான் சைவநெறி படிப்பித்தவள், 31 வருஷம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று கரும்பலகையில் எழுதி, சரியை என்பது உடம்பால் செய்யும் தொண்டு, அதற்கு அப்பர் சுவாமிகளே உதாரணம் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன். அந்த உடம்பின் வேலையை ஒரு மோட்டாரிடம் கொடுத்துவிட்டால் அது என் தொண்டா? பிள்ளைகளுக்குப் பணிஸ் கிடைக்கும், அதில் குறை இல்லை. ஆனால் தொண்டு என்பது பணிஸ் போய்ச் சேருவது மட்டுமென்றால், கடையில் 43 பணிஸ் வாங்கிக் கொடுத்தாலும் போதுமே. காசு கொடுத்து வாங்கியதற்கும் கையால் செய்ததற்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. மெஷின் வந்தால் அந்த ஏதோ ஒன்று எந்தப் பக்கம் போய் நிற்கும் என்பதுதான் என் கேள்வி.

பக்கத்து வீட்டு மாமிக்குச் சந்தேகமே இல்லை. “கை படாத சாப்பாட்டில பரிவு இருக்காது பிள்ளை” என்றார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. விரத நாளில் அவர் வீட்டுக்குள் இன்றும் பாண் வராது. பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. கோணேசர் கோயிலை 1622இல் இடித்தவர்களும் அவர்களே. அந்தக் கணக்கை மாமி இன்னும் முடிக்கவில்லை. அவர் சொன்னதை நான் தட்டிவிடவில்லை. ஏனென்றால் எனக்கும் அந்தப் பிசைதலோடு ஒரு கதை இருக்கிறது.

2006 ஆவணியில் மூதூரில் சண்டை தொடங்கியபோது வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புக்கும் போனோம். முகாமில் உலக உணவுத் திட்டத்தின் கோதுமை மா தருவார்கள். உப்பும் தண்ணீரும் விட்டுக் குழைத்து ரொட்டி தட்டுவோம். தண்ணீருக்கு வரிசை, மருந்துக்கு வரிசை, பதிவுக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. தார்ப்பாய்க்குள் குந்தியிருந்து மா குழைத்த அந்தப் பத்து நிமிஷம் மட்டும் எவரிடமும் கேட்காமல் எனக்குக் கிடைத்தது. உள்ளங்கைக்குக் கீழே மா கரடாக இருந்து, மெல்ல மெல்ல இளகி, கடைசியில் காதுமடல் போல மெதுமையாகும். ஒரு வேலை என் கையாலேயே சரியாக முடிகிறது என்ற நிம்மதி அந்த வருஷத்தில் எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் கையைத்தான் இப்போது ஓய்வெடு என்கிறார்கள்.

குழைக்கும்போது நடப்பது என்ன என்று பிறகு படித்தேன். கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள். தண்ணீர் பட்டதும் அவை கைகோத்துப் பசையம் ஆகின்றன. குழைக்கக் குழைக்க அது வலையாகப் பின்னி, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கிறது. ஆனால் நனைத்த மாவைச் சும்மா விட்டாலும் இந்த வலை தானாகப் பின்னத் தொடங்கும் என்பதை அறிந்தபோது ஆச்சரியப்பட்டேன். நாங்கள் முகாமில் இருந்த அதே 2006ஆம் ஆண்டு நவம்பரில், ஜிம் லாகி என்ற நியூயோர்க் பேக்கரிக்காரரின் குழைக்காத பாண் முறை நியூயோர்க் ரைம்ஸில் வெளியாகி உலகமெங்கும் பரவியது. மாவை நனைத்து, துளி ஈஸ்ட் போட்டு, 12 முதல் 18 மணித்தியாலம் விட்டுவிடுவதுதான் முறை. கையும் வேண்டாம், மெஷினும் வேண்டாம், நேரம் போதும். நானும் செய்து பார்த்தேன். எங்கள் வெக்கையில் விடிவதற்குள் மா பொங்கி அடங்கிப் புளித்துவிட்டது. சீனியும் மாஜரினும் சேர்ந்த பணிஸ் மாவுக்கு அது ஒத்துவரவும் இல்லை. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே: மாவையும் தண்ணீரையும் கலந்து இருபது நிமிஷம் மூடி வைத்துவிட்டுக் குழைத்தால் வேலை பாதியாகக் குறைகிறது. பாதி குறைந்தும் மணிக்கட்டு தாங்கவில்லை.

பிறகு ஒரு நாள் மா வாங்கப் போனபோது எனக்கே என் பேச்சில் சந்தேகம் வந்தது. கையால் செய்தது, கையால் செய்தது என்கிறேனே, எவ்வளவு தூரம் என் கை? இந்த மா கொட்டியாரக்குடாவின் அக்கரையில், சீனக்குடாவில் உள்ள பிரீமா ஆலையில் அரைபட்டது. நான் பிறந்த மண்ணில் நெல் விளையும், கோதுமை விளையாது. கடல் கடந்து கப்பலில் வரும் தானியம் ஆலையின் துறையிலேயே இறங்கி, பென்னம்பெரிய உருளைகளுக்குள் போய் வெள்ளை மாவாக வருகிறது. அங்கே எந்தக் கையும் படுவதில்லை. அம்மம்மா உரலில் இடித்தார், அம்மா மில்லுக்குக் கொண்டுபோனார். மில்லில் திரித்த மாவில் பிடித்த மோதகத்தைப் பிள்ளையார் ஏற்கவில்லை என்று எங்கள் ஊரில் எவரும் சொன்னதில்லை. அப்படியானால் நான் காப்பாற்ற நினைக்கும் கை அந்த நீண்ட வழியில் கடைசி இருபது நிமிஷம்தான்.

காந்தியும் இந்த இடத்தில் நின்றிருக்கிறார். ஜொகன்னஸ்பேர்க்கில் வீட்டிலேயே பாண் சுடுவதற்காக ஏழு பவுணுக்கு ஒரு கை ஆலை வாங்கியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதன் இரும்புச் சக்கரம் ஒருவருக்குப் பாரம், இருவருக்கு இலகு. அவரும் நண்பர் போலக்கும் பிள்ளைகளும் சுற்றினார்கள். 1924இல் இராமச்சந்திரன் என்ற இளைஞர், பின்னாளில் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவர், எல்லா இயந்திரத்துக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டபோது, இந்த உடம்பே ஒரு நுட்பமான இயந்திரம்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார். மனிதனின் உறுப்புகளைச் செயலற்றுப்போக விடும் இயந்திரம்தான் வேண்டாம் என்றார். சிங்கர் தையல் மெஷினை விதிவிலக்காக வைத்தார், சிங்கர் தன் மனைவி படும் பாட்டைப் பார்த்த அன்பில் பிறந்தது என்று சொல்லி. எனக்கு அனுப்ப நினைத்த மெஷினும் ஒரு மகளின் அன்பில்தான் புறப்பட இருந்தது. ஆனாலும் அந்தப் பதில் எனக்கு முழுதாகப் போதவில்லை. அனுப்புகிறவரின் அன்பு சரி, செய்கிறவளின் தொண்டு என்னாவது?

பதில் நான் படிப்பித்த பாடத்திலேயே இருந்தது. அப்பர் கையில் உழவாரம் இருந்தது. கோயில் முற்றத்துப் புல்லை அவர் நகத்தால் கிள்ளவில்லை. கருவி தொண்டைக் குறைக்கவில்லை, அவருக்கு அடையாளமே அதுதான். ஆனால் உழவாரத்துக்கும் மோட்டாருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது. கை நின்றால் உழவாரம் நிற்கும். மோட்டார் நான் எழுந்து போனாலும் சுற்றும். எனவே அதற்குச் சரியான உவமை உழவாரம் அல்ல, கூலியாள்.

பிட்டுக்கு மண் சுமந்த கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொன்னேன், இப்போதுதான் அது என்னைப் பார்த்துத் திரும்பியது. வைகை பெருகியது, வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வேண்டும் என்பது பாண்டியன் கட்டளை. வந்தி கிழவி, ஒருவரும் இல்லாதவள், மண் சுமக்க முடியாது. தன் பங்குக்கு ஒரு கூலியாளைப் பிடிக்கிறாள். கூலி, உதிர்ந்த பிட்டு. மாற்றுக் கை தேடியது பிழை என்று புராணம் எங்கும் சொல்லவில்லை. அந்தக் கை சிவனுடையதாகவே இருந்தது. வந்தியின் பங்கு வந்தியின் பங்காகவே நின்றது, ஏனென்றால் பிட்டு அவித்தது அவள், அவன் பசியை அறிந்து கொடுத்தது அவள். ஆனால் கூலியாள் பிட்டைத் தின்று, ஆடிப் பாடி, கிடந்து தூங்கினான். அந்தப் பங்குக் கரை மட்டும் அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்த அடி அரசன், மந்திரி, கருவில் இருந்த பிள்ளை என்று எல்லார் முதுகிலும் விழுந்தது. கூலியாளை வைக்கலாம், அவன் வேலைக்கு நான் பொறுப்பு என்பதை விடமுடியாது. 2022இல் காஸ் இல்லாமல், 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல், மா விலை ஏறியபோது நாங்கள் அறிந்த அடியும் அப்படித்தான் விழுந்தது. எங்கோ யாரோ விட்ட பிழை, எல்லா வீட்டு முதுகிலும்.

அதன்பிறகு மெஷினைத் தேர்வது இலகுவாயிற்று. பக்கத்தில் நின்று பார்க்கக்கூடிய, என் கட்டுக்குள் நிற்கும் கூலியாள் வேண்டும். அதற்கு முன் ஒரு பிழையும் நடந்தது: கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் பெட்டியில் போட்டு ஒன்று அனுப்பினார். அங்கே 120 வோல்ற், இங்கே 230. பார்க்காமல் செருகினேன், புகைந்து போயிற்று. அன்று அழுதேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்ப முன் இதை ஒருக்கால் பார்க்கட்டும். பிரித்தானிய மெஷின் எங்கள் மின்சாரத்துக்கு ஒத்துவரும். பெட்டியில் எழுதியிருக்கும் வாற் எண்ணிக்கையை நம்பி எடுக்கவேண்டாம். அது மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் அளவு, குழைக்கும் பலத்தின் அளவு அல்ல. பற்சக்கரம் உலோகமா, மெதுவான வேகத்தில் பத்து நிமிஷம் முக்காமல் சுற்றுமா, பாரமாக இருந்து மேசையில் நகராமல் நிற்குமா, திருகோணமலையில் திறந்து திருத்த ஆள் உண்டா என்று கேளுங்கள். மகள் தான் பாவித்த கென்வூட் செஃப் ஒன்றை அனுப்பினாள், 4.6 லீற்றர் பாத்திரம். ஒன்றரைக் கிலோ மாவை ஒரே தடவையில் போட்டு வருத்தாமல் இரண்டு தரமாகப் போடுகிறேன். கொக்கி சுற்றும் உராய்வில் மா சூடாகும், ஆகவே ஐஸ் தண்ணீர்தான் விடவேண்டும்.

அது சுற்றும்போது நான் குசினியை விட்டுப் போவதில்லை. எட்டாம் நிமிஷம் நிறுத்தி, ஒரு துண்டைக் கிள்ளி விரல்களுக்கிடையில் விரித்துப் பார்ப்பேன். கிழியாமல் வெளிச்சம் தெரியும் சவ்வாக விரிந்தால் பதம். பிறகு மேசையில் கொட்டி ஒரு நிமிஷம் என் கையால் மடித்து உருட்டுவேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு மணிக்கட்டு நோவதில்லை. மாமிக்கும் ஒரு பணிஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன், மெஷினில் குழைத்தது என்று சொல்லித்தான் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு முதல் 44 சுடுகிறேன்.