கயிற்றைக் கைவிடாதீர்கள்: பள்ளிப் பிள்ளைகளும் போதையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனின் புத்தகப் பையில் கூல் லிப் பொட்டலம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பெற்றோரை வரச் சொல்கிறார். அடுத்து என்ன செய்வது? டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவதா, பள்ளியிலேயே வைத்துத் திருத்துவதா? "ஒருவனைக் காப்பாற்றப் போய் நாற்பது பிள்ளைகளைக் கெடுக்கலாமா?" என்று மற்றப் பெற்றோர்கள் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். அதற்கு மார்க்கம் என்ன வழி காட்டுகிறது என்று இன்று பார்ப்போம்.

இது நம் ஊருக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். 2021 ஏப்ரலில் தூத்துக்குடி துறைமுகத்தில், மரத்தடிகள் வந்த கன்டெய்னரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோ கொக்கைன் பிடிபட்டது. ஆனால் நம் பிள்ளைகளின் கைக்கு வருவது கன்டெய்னரிலிருந்து அல்ல, தெருமுனைப் பெட்டிக்கடையிலிருந்து. தமிழ்நாட்டில் குட்காவும் பான்மசாலாவும் 2013இலேயே தடை செய்யப்பட்டன. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறுவருக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இவ்வளவு இருந்தும், மாணவர்களிடம் கூல் லிப் பரவுவதைப் பற்றி 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலை தெரிவிக்கும் நிலை வந்தது.

அன்பானவர்களே! பள்ளிக்கூடங்களும் சும்மா இருக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழகம் முழுவதும் மாணவர்கள் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தார்கள். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போதை எதிர்ப்பு மன்றங்கள் அமைந்தன. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் உறுதிமொழியும் எச்சரிக்கையும் மட்டும் போதுமா? அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் டேர் என்றொரு திட்டம் தொடங்கியது. காவலர்களே வகுப்பறைக்கு வந்து போதையின் தீமைகளை விளக்கினார்கள். நாடு முழுவதும் பரவியது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. பாடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்ன ஒரு செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. முதலில் சொர்க்கத்தையும் நரகத்தையும் பற்றிய வசனங்களே இறங்கின. உள்ளங்கள் ஈமானில் நிலைபெற்ற பின்பே ஹலால், ஹராம் சட்டங்கள் வந்தன. தொடக்கத்திலேயே மதுவை விடச் சொல்லியிருந்தால் மக்கள் விடவே மாட்டோம் என்றிருப்பார்கள் என்பது அதன் கருத்து. மதுவின் தடையும் படிப்படியாகவே வந்தது. அதில் நன்மையை விடப் பாவமே பெரிது என்று முதலில் உணர்த்தப்பட்டது. பிறகு, போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்றானது. அதன் பின்பே முழுத் தடை.

அந்தத் தடை அறிவிக்கப்பட்ட நேரத்தில், அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் பெரியவர்களுக்கு மது ஊற்றிக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி). பெரியவர்களே எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார்கள். மதீனாத் தெருக்களில் மது ஓடியது. முதலில் மாறியவர்கள் பெரியவர்கள், அதைக் கண்ணால் கண்டவர் இளையவர் என்பதைக் கவனியுங்கள். வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு மகனைக் கண்டிக்கும் தகப்பனின் பேச்சு எடுபடுமா?

சரி, தவறிவிட்ட பிள்ளையை என்ன செய்வது? நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நாயகத்தைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டார், மறுபடியும் அதே குற்றத்தில் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. தண்டனை இருந்தது. ஆனால் ஜமாஅத்தை விட்டு விலக்கவில்லை. மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரைச் சபித்த நாயகமே, பாவத்தில் விழுந்து எதிரே நின்ற ஒரு மனிதரைச் சபிக்க விடவில்லை.

அப்படியானால் மற்ற நாற்பது பிள்ளைகள்? விற்பவனையும் விழுந்தவனையும் பிரித்துப் பாருங்கள். விற்கும் பெரியவரைச் சட்டத்தின் கையில் கொடுங்கள். விழுந்த பிள்ளையைக் கண்டியுங்கள், கண்காணியுங்கள், சிகிச்சைக்கு அனுப்புங்கள். வெளியே தள்ளினால் அவன் போய்ச் சேரும் இடம் அந்தப் பெட்டிக்கடைதான். அதைப் பார்க்கும் நாற்பது பேரும் "மாட்டிக்கொள்ளக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது" என்ற பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம்கூட, பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவில் வழி வைத்திருக்கிறது. அரசாங்கச் சட்டத்துக்கு இருக்கும் இரக்கம் நமக்கு இருக்க வேண்டாமா?

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்கள் நாம். 1961இல் தூத்துக்குடியில் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. கல்லைக் கட்டிக்கொண்டு குளியாளி கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே மூச்சு முட்டினால் கயிறு அசையும், மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். "ஏன் இவ்வளவு ஆழம் போனாய்?" என்ற விசாரணையெல்லாம் தோணிக்கு வந்த பிறகுதான். உங்கள் பிள்ளை கயிற்றை அசைத்தால் மேலே யார் இருக்கிறார்கள்? அசைக்கும் தைரியம் அவனுக்கு இருக்கிறதா?

ஆகவே ஜமாஅத்தார்களே! நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்பதை மக்தபிலும் பள்ளியிலும் பேசிப் பழக்குங்கள். நம்மில் கடை வைத்திருப்பவர்கள் அந்தப் பொட்டலங்களை இன்றே அப்புறப்படுத்துங்கள். அந்தக் காசில் பரக்கத் இல்லை. பழக்கத்தை விட உதவி வேண்டுமென்றால் 14446, ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். இன்று இரவு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவன் சொல்லும் நாளில் உங்கள் கை ஓங்காமல் இருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைப் போதையின் தீங்கிலிருந்து பாதுகாப்பாயாக! விழுந்தவர்களை மீட்பாயாக! கயிற்றை விடாத கைகளாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.