பார்ப்பவனுக்குக் கடமை உண்டா?



சித்திரை பிறந்தால் நுவரெலியா நிரம்பி வழிகிறது. கொழும்பிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பங்கள் வேன் பிடித்து வருகின்றன. ஆளுநர் கிரகரி 1873-ல் அமைத்த வாவியில் படகோட்டம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு', ஹற்றன் பாதையில் டெவன், சென். கிளயர் நீர்வீழ்ச்சிகள் என்று பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். இதில் என்ன குறை?

ஒரு குறையும் இல்லை. படைப்பைக் கண்டு படைத்தவரைப் புகழ்வது நம் மறையின் மரபு. களைத்துப்போன சீடர்களைத் தனிமையான இடத்துக்குச் சென்று இளைப்பாறச் சொன்னவர் நம் ஆண்டவரே. ஓய்வு பாவமன்று. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: பார்ப்பவனுக்கு, தான் பார்ப்பதன்மேல் கடமை ஏதும் உண்டா?

உலக முடிவில் நின்று பார்க்கும்போது, குப்பை போடாதே என்பதற்குமேல் அந்த மேகமும் பள்ளத்தாக்கும் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. தேயிலை மலை அப்படியன்று. அந்தப் பச்சை தானாக முளைத்ததன்று. காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869-ல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அதே மண்ணில் தேயிலை நட்டார்கள். 1867-ல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் பெயர் நமக்குத் தெரியும். குழி வெட்டியவர்களின் பெயர்களை நாம் அறியோம். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்து வந்தவர்கள் அவர்கள். அந்த வருகையின் 200-ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023-ல் அவர்களுடைய வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள்.

இந்த வரலாற்றின் நடுவில்தான் நாம் வேனை நிறுத்துகிறோம். கொழுந்து எடுக்கும் ஒரு தாயைச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடிக்கிறோம். பல தோட்டங்களில் குறித்த நிறை கொழுந்து இல்லாவிட்டால் அவளுக்கு அன்று முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். நமக்காக அவள் சிரித்து நின்ற நிமிடங்கள் அவளுடைய கூடையிலிருந்து எடுத்தவை. கூடை அழகாக விழவேண்டும் என்று பார்க்கிறோம். பின்னாலுள்ள லயம் விழாதபடி கமராவைத் திருப்புகிறோம்.

எரிகோப் பாதையில் குற்றுயிராய்க் கிடந்தவனை மூவர் பார்த்தார்கள். குருவும் பார்த்தார், லேவியனும் பார்த்தான், சமாரியனும் பார்த்தான். முதல் இருவருக்கும் கண்ணில் பழுதில்லை. பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று எண்ணினார்களே, அதுதான் பழுது.

"பாவம், ஏழைகள்" என்று இரங்கினால் கடமை தீர்ந்துவிடுமா? தீராது. மனிதரைப் பரிதாபக் காட்சியாகப் பார்ப்பதும் வேடிக்கை பார்ப்பதுதான். 1891-ல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொழிலாளிக்குக் கேட்டது வெறும் இரக்கமன்று, நீதியான கூலி.

எனவே, மலைநாட்டுக்கு வாருங்கள், தாராளமாகப் பாருங்கள். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். வழியோரத்தில் மரக்கறி விற்பவளிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். இந்த மலையை உண்டாக்கியவர் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஞாயிறன்று தோட்டத்துக் கோவிலில் திருப்பலி காணுங்கள். ஒரே அப்பத்தில் பங்குகொண்டவர்களைப் பிறகு காட்சிப்பொருளாக நினைக்க மனம் வராது. வீடு திரும்பியபின், தோட்டச் சம்பளம் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால், தெரிந்தவர்களைப் பற்றிய செய்தியாக அதை வாசியுங்கள். பேசவேண்டிய இடத்தில் பேசுங்கள்.

தோட்டங்களில் வாழும் நம் வாசகர்களுக்கும் பங்குச் சபைகளுக்கும் ஒரு வார்த்தை. தூரதேசத்தவர் வந்து பார்க்கும் உலக முடிவை நம் லயத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? ஆண்டுக்கு ஒரு நாளாவது அவர்களை அழைத்துச் செல்லுங்கள். கூடை சுமந்து ஏறுவதற்கு மட்டுமல்ல, நின்று பார்த்து மகிழ்வதற்கும் இறைவன் இந்த மலைகளை அவர்களுக்குத் தந்திருக்கிறார்.