நிழலில் ஒரு பாத்தி

தேன் உண்ணலாகாது என்னும் விரதத்தை நம் இல்லங்களில் சிறு குழந்தைகளும் அறிவர். தேனடையைப் பிழிகையில் எண்ணற்ற உயிர்கள் மடியுமாதலின் முன்னோர் அதனை விலக்கினர். ஆயினும் ஒரு வினா நம்மைச் சில காலமாக உறுத்துகின்றது. தேனீயின் உணவைப் பறியாதிருத்தலோடு நம் கடமை முடிந்துவிடுமா? அதற்கு உணவு கிடைக்கச் செய்தலும் கடமையன்றோ?

முற்றத்திற்குச் சிமெண்டு பூசுகின்றோம். முளைத்தவற்றைக் களையென்று பறித்தெறிகின்றோம். ஆசிரியப் பணியிலிருந்தபோது மாணவரைக் கொண்டு பள்ளித் தோட்டத்தைத் துப்புரவு செய்வித்த நாமும் இப்பழிக்கு உரியோமே. அன்று மண்வெட்டிக்கு இரையானவற்றுள் நிலவேம்பும் ஒன்று.

இன்று அதனையே நம் வீட்டு வேப்பமர நிழலில் வளர்க்கின்றோம். நம் நாட்டுக்கே உரிய செடி. மரநிழலைப் பொறுத்து வளரும். ஆடியில் விதைத்தால் மூன்று நான்கு திங்களில் ஊதாப் புள்ளியிட்ட சிறு வெண்பூக்கள் மலரும். தேனீக்கள் அவற்றை நாடி வரும்.

இங்கேதான் இக்கட்டு எழுகின்றது. ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வரும். 2012ஆம் ஆண்டு டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் வழங்கியதன் பின்னர்ச் செடி கேட்டு வருவோர் மிகுந்தனர். மருந்துக்கு அறுப்பதும் பூக்கத் தொடங்கும் பருவத்திலேயே. ஔடத தானமும் ஆகார தானமும் ஒரே செடியின்மேல் வந்து நிற்கின்றன. மனமுடைய ஐம்பொறி உயிராகிய மனிதர்க்கா, நாற்பொறி உயிராகிய தேனீக்கா?

சென்ற ஆண்டு அண்டை வீட்டுத் தாயார் ஒருவர் தம் மகனுக்காகக் கேட்டபோது பாத்தி முழுவதையும் அறுத்துக் கொடுத்தோம். மறுநாட் காலை தேனீக்கள் வெறும் மண்ணைச் சுற்றித் திரிந்தன. கண்டு நாணினோம். கொடுத்தது பிழையன்று. ஆனால் அவருக்கு வேண்டியது ஒரு பிடியே. எஞ்சியதை அறுத்தது, கொடுக்கின்றோம் என்னும் நம் செருக்கு.

ஆகவே மனிதரா, தேனீயா என்னும் வினாவே பிழைபட்டது. பிறர் தேவையின் அளவை அறியாத கொடை, கொடையாயினும் ஊறு செய்யும் என்பதே நாம் கற்ற பாடம்.

இவ்வாண்டு இரு பாத்திகள் உள்ளன. ஒன்று கேட்போர்க்கு. மற்றொன்றில் அரிவாள் படாது. காய்கள் முற்றி வெடித்து விதை சிதறும்வரை காத்திருப்போம். மண்ணைக் கிளறுகையில் சிற்றுயிர்க்கு நேரும் துன்பத்தையும் அறிவோமாதலின், விழுந்த விதை விழுந்த இடத்திலேயே முளைக்கட்டும் என்று விட்டுவிடுகின்றோம்.

வாசகர்தம் இல்லத்திலும் வெயில் படாத மூலை ஒன்று இருக்குமன்றோ? அதனைப் பெருக்குமுன் சற்றுக் குனிந்து பார்ப்போமாக.